பெரியவருக்கு எழுதிய சீட்டு

மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு கிடையாது. எங்கள் தியான நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். மூன்றாம் நாள் வயிறு பழகிவிடும். மனசுதான் பழகாது.

இங்குள்ள தியான மண்டபத்துக்குச் செங்கல் சுமந்தவன் நான். முட்டி தேய்ந்த பிறகு, நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தேன். பெரிய பிக்குவுக்குக் கண் மங்கிவிட்டதால் தியானத்துக்கு உட்காருகிற யோகிகளின் சீட்டுகளை நான்தான் படித்துச் சொல்வேன். பத்து நாள் மௌனம் அல்லவா, மனதில் வருவதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மா யமின் என்ற பள்ளிக்கூட டீச்சர் ஆறாம் நாள் சீட்டை நீட்டிவிட்டு நகராமல் நின்றாள்.

"மாமா, இதப் பெரியவர் மட்டுந்தானே தெரிஞ்சிக்குவாரு?"

"பேசக் கூடாதும்மா" என்றேன். விதி அது.

சீட்டில் இப்படி இருந்தது: மூச்சைக் கவனித்தால் தம்பி முகம் வருகிறது. எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனதிலிருந்து அவனை ராணுவம் தேடுகிறது. ஆற்றுக்கு அக்கரைச் செங்கல் சூளையில் ஒளிந்து பட்டினி கிடப்பான்.

"வருதுன்னா, வருதுன்னு கவனிக்கச் சொல்லு. தானாப் போயிரும்" என்றார் பெரியவர்.

போகவில்லை. ஏழாம் நாளும் அதே முகம்.

மேஜர் தௌங் நைங் வருஷம் தவறாமல் எங்களிடம் வந்து உட்காருகிறவர். கூரை அவர் கொடுத்த தர்மம். எறும்பு கடித்தாலும் நசுக்க மாட்டார், ஊதித்தான் விடுவார். எட்டாம் நாள் அன்னதானத்துக்கு வந்தவர், "என்னய்யா பண்டிதரே, யாருக்கு இன்னும் மனசு அடங்கல?" என்று கேட்டார்.

சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"பாவம்யா இந்தப் பொண்ணு. நிம்மதியா உக்கார விடுவோம்."

மறுநாள் காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு வெடிச் சத்தம். மண்டபத்தில் அறுபது பேர் இருந்தோம். கேட்கிறது, கேட்கிறது என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்பினோம். சாயங்காலம் சூளைக்காரன் கொண்டுவந்த சட்டையை நான்தான் அவள் மடியில் வைத்தேன்.

காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். தியானத்துக்கு ஒரு தடை, அதை நீக்கினேன். பிறகு மேஜர் எனக்கு வாசல் காவல் வேலையும் நாற்காலியும் கொடுத்தார். அதற்காகச் செய்யவில்லை.

பத்தாம் நாள் மௌனம் முடிந்ததும் எல்லோரும் கலகலவென்று பேசினார்கள். மா யமின் பேசவில்லை. இங்கேயே தங்கிவிட்டாள், ஏழு மாதமாகியும் வாய் திறக்கவில்லை. யார் முகமும் வருவதாக எழுதுவதில்லை. இவ்வளவு தூரம் போன யோகி எங்கள் நிலையத்தில் வேறு யாரும் இல்லை.