கொய்யா மரத்தடி விளக்கு

கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் நாத்தனாரும்.

“நஞ்சுக்கொடிய நாங்க பொதைக்கல, சாந்தி. ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி செய்ற டாக்டரம்மாவுக்குக் குடுத்துட்டோம்.”

“என்னா அண்ணி சொல்றீங்க?”

“வயித்துல இருக்க புள்ள காய்ச்சல எப்பிடித் தாங்குதுன்னு பாக்குறாங்களாம். எனக்கு வந்த காய்ச்சல்லதானே மூத்தது வயித்துலயே போச்சு. இனி யாருக்கும் அப்பிடி ஆகக்கூடாது.”

நாத்தனார் குழந்தையின் காலைத் தடவினாள்.

“அப்ப கொய்யா மரத்தடியில அண்ணன் பொதைச்சது?”

“கறிக்கடையில வாங்கின ஆட்டு ஈரல்.”

“ஐயோ அண்ணி! கொடி பொதைச்ச எடம்னு அம்மா தெனமும் அங்க வெளக்கு வைக்கிறாங்களே!”

“வைக்கட்டும். அந்த வெளக்கு மூத்ததுக்குன்னு நான் நெனச்சுக்கிறேன்.”