அணைத்த கற்பூரம்

கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிய ஆள் கட்சி மாறினால் என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்? கோவில்பட்டி–கழுகுமலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு அக்காக்கள். ஒருத்தர் வீட்டுக்காரர் யூனியன் கவுன்சிலராம், சுயேச்சை. நாளை சேர்மன் தேர்தல், எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லை.

“எங்க வீட்டுக்காரவ முருகன் சன்னதியில கற்பூரத்தை அணைச்சு ஒரு கட்சிக்குச் சத்தியம் பண்ணுனாவ மதினி. நேத்து மத்தக் கட்சிக்காரன் காருல ஏறிப் போயிட்டாவ.”

“மெஜாரிட்டி இல்லன்னா கார் வரத்தாம்ட்டி செய்யும். பயப்படாத.”

“அவிய தாத்தாவும் இப்படித்தான். சுதந்திரத்துக்குப் பொறவு வந்த மொத எலக்சன்ல சுயேச்சையா ஜெயிச்சாவ. அப்பமும் யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. இதே சன்னதியில சத்தியம் பண்ணிட்டு, மெட்ராஸ் போய் மைனாரிட்டி ஆட்சி அமைச்சவங்க பக்கம் சாஞ்சிட்டாவ. அந்த வருசமே மூத்த பிள்ளைய பாம்பு கொத்திட்டு.”

“பாம்புக்கு என்னட்டி அரசியல் தெரியும்?”

கவுன்சிலர் மனைவி பையிலிருந்து போனை எடுத்தார்.

“எம் மூத்தவன் பருத்திக் காட்டுல நிக்கான் மதினி.”

போனைக் காதில் வைத்தார். இப்போது பஸ் கழுகுமலைக்குள் வந்துவிட்டது. பையன் இன்னும் எடுக்கவில்லை.