ஞாயிற்றுக்கிழமைத் தங்கை

1974 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. தூறல். ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறிய கிழவரும் அவர் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கிழவர் மடியில் ஒரு துணிப்பை.

“நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துருய்யா” என்றாள் கிழவி.

“இன்னாமே பேசறே?”

“பொஞ்சாதி கீறான்னா முதியோர் இல்லத்துல சேத்துக்க மாட்டாங்களாம். யாருமில்லாத ஆம்பளைக்குத்தான் எடமாம்.”

“அப்போ நீ?”

“எனுக்கு இன்னா? சோறாக்க, புள்ளைங்களப் பாத்துக்க மருமவளுக்கு நான் வேணும். உன்னத்தானே தெனம் கரிச்சுக் கொட்றா.”

கிழவர் துணிப்பைக்குள் கைவிட்டு மருந்துச் சீசாவைத் தடவிப் பார்த்தார்.

“கண்ணுக்கு மருந்து யாரு ஊத்துவா?”

“அங்க ஆளு கீதாம்.”

“பாக்க வருவியா?”

“ஞாயித்துக்கெழமை உள்ள வுடுவாங்களாம். தங்கச்சின்னு சொல்லிகினு வரேன்.”

“தங்கச்சி எங்கனாச்சும் வாய்யா போய்யான்னுவாளா? எங்க, அண்ணாத்தேன்னு கூப்புடு, பாக்கலாம்.”

“சீ, போய்யா!” கிழவி சிரித்தாள். அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

நசரத்பேட்டையில் கிழவர் எழுந்தார். அவளும் எழுந்தாள்.

“நீ குந்துமே. செத்தவ கூட வந்தா இன்னா சொல்றது?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் பையோடு இறங்கித் தூறலில் நடந்தார். பஸ் நகர்ந்ததும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“அண்ணாத்தே! தலைல துண்டப் போட்டுக்கோ!”

கிழவர் திரும்பாமலே துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

நான் இதற்கு முந்தின பூந்தமல்லியிலேயே இறங்கியிருக்க வேண்டியவன். மேல் டிக்கெட்டுக்குப் பதினைந்து பைசா, திரும்பி வரப் பதினைந்து பைசா. ஆக முப்பது பைசா.