நானூற்றுப் பதினெட்டு

கம்ப்யூட்டர் நின்றுபோனால் மௌஸை வைத்து இப்படி டொக்கு டொக்கென்று தட்டக் கூடாது இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் ரைட்டரிடம் சொல்லுங்கள். அது செத்துப்போகவில்லை, உள்ளே வேறு வேலையில் இருக்கிறது, அவ்வளவுதான். தட்டத் தட்ட அதற்கு வேலை கூடும். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். வந்துவிட்டது பாருங்கள். இனி நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்யலாம்.

என் பெயர் திருமுருகன். வயது நாற்பத்தெட்டு. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில், இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். அரிசி மில், லாட்ஜ், ஸ்கூல், லேப் என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். நெட்டில் ஓடுகிற சமாச்சாரம் இல்லை, மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடுவது. இந்த வேலையில் வருகிற தொந்தரவு மொத்தம் பத்துப் பதினைந்துதான். அதையே ஆள் மாற்றி ஆள், ஊர் மாற்றி ஊர் கேட்பார்கள். எனக்கு மனப்பாடம்.

நான் வந்தது கலையரசி விஷயமாக. நான்கு நாளாக அவளை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இந்தத் திண்டிவனம் லேபில் சர்க்கரை அளவு தப்பாக வந்து குப்பம்மாள் என்கிற அம்மா இறந்துபோனதற்கு அவள் எழுதிய புரோகிராம்தான் காரணம் என்று வழக்கு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஏன் என்று சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் அம்மா சவுரியம்மாள் உட்கார்ந்திருக்கிறது. மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறது போல, காலெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டது. "நீங்கதான் சார் எம்பொண்ண வெளிய கொண்டாரணும். உங்க கிட்டதான சார் அது வேல கத்துக்கினு வந்துச்சு" என்று அழுதது. சரிம்மா, கொண்டுவருகிறேன் என்றேன். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்.

கலையரசி என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. வேறு எவனாவது சேர்த்திருப்பானா தெரியாது, நான் சேர்த்தேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலேயே தெரிந்தது, அது வேறு. அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் வாங்கி வைத்திருந்தேன். சுத்தம் பார்த்துத்தான், மற்றபடி மனதில் ஒன்றும் கிடையாது. அவளும் அந்த டம்ளரை அவளே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பாள். நல்ல பெண் என்றே நினைத்திருந்தேன்.

அந்த லேபையும் அதோடு சேர்ந்த கிளினிக்கையும் நடத்துகிற டாக்டர் அன்புச்செல்வன் கேட்டு, பதினோரு வருடத்துக்கு முன் நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ரத்தத்தை மெஷினில் வைத்தால் அது அளவைக் கண்டுபிடித்து ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எண்ணை அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கிப் பிரிண்ட் போடும். ஒரே ஒரு குறை. மெஷின் எண்ணை அனுப்புகிற வரைக்கும் அரை நிமிடம் திரை வெளுத்து நின்றுவிடும். எதையும் தொட முடியாது. பேஜாரு பிடித்த வேலைதான். கேட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் பழசு டாக்டர் என்றேன். இரண்டு முறை புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குப் பிறகும் வெளுத்தது.

இதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் ஐப்பசியில் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலையில் மாட்டிக்கொண்டேன். திண்டிவனத்துக்குக் கலையரசியை அனுப்பினேன். பார்த்துவிட்டு வா, எதையும் தொடாதே என்றுதான் அனுப்பினேன். அவள் தொட்டாள். ஹோட்டலில் இலை போடுகிற ஆளே அடுப்படியிலும் நின்றால் பந்தி நகருமா? என் புரோகிராமில் அப்படித்தான் ஒரே ஆள் தலையில் இரண்டு வேலை இருந்தது. காத்திருக்கிற வேலையை அவள் தனியாகப் பிரித்துவிட்டாள். திரை வெளுப்பது நின்றுவிட்டது. இரண்டு மணி நேர வேலை.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். போனேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பத்துப் பேர் பெஞ்சில் இருந்தார்கள், நர்சுகள் இருந்தார்கள், டெக்னீஷியன் பொன்னி இருந்தாள், என்னோடு வந்த கலையரசியும் இருந்தாள். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"ஏம்பா, பதினோரு வருஷமா முடியாது முடியாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. உங்கிட்ட வேல செய்ற பொண்ணு ஜல்தியா முடிச்சிட்டுப் போயிட்டா. வெக்கமா இல்ல உனுக்கு?"

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள். கலையரசி மட்டும், "சார் சொல்லிக் குடுத்ததுதாங்க டாக்டர்" என்றாள். மூக்கை அறுத்தவர்கள்மேல் வராத கோபம் மஞ்சள் வைக்க வந்தவள்மேல் வந்தது. என்னவொரு பெருந்தன்மை. அவள் எனக்குப் பிச்சை போடுகிறாள்! வயிறு எரிந்தது மேடம். வெளியே வந்து சோடா வாங்கிக் குடித்தேன்.

அடுத்த மாதமே டாக்டர் அவளைத் தன்னிடம் வேலைக்குக் கேட்டார். அவள் என் முன்னால் வந்து நின்று, "நீங்க போன்னு சொன்னாத்தான் சார் போவேன்" என்றாள். தாராளமாகப் போ என்றேன். புரோகிராமை மொத்தமாக அவளிடம் ஒப்படைத்துவிடச் சொல்லி டாக்டர் ஆள் அனுப்பினார். ஒரு நாள் டைம் கேட்டேன். கொடுத்தார்.

இனிமேல்தான் உங்கள் ரைட்டர் கவனமாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. எண் வந்து உட்காருகிற பெட்டியைத் துடைக்காமல் விட்டுவிடுவார்கள். அடுத்த எண் வந்தால் பிரச்சினை இல்லை, பழையதன்மேல் புதியது உட்கார்ந்துவிடும். வராமல் போனால்? முந்தைய ஆளின் எண் அப்படியே இருக்கும். அதனால் முதலில் பெட்டியைத் துடை, பிறகு வாங்கு, வராவிட்டால் வரவில்லை என்று கத்து. இது நான் நடத்துகிற முதல் பாடம். கலையரசிக்கும் நடத்தினேன். என் புரோகிராமில் வயர் கழன்றால் திரையில் சிவப்பாக ஒரு பொட்டி வந்து, அளவு வரவில்லை, மறுபடி சோதிக்கவும் என்று சொல்லும். பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நாளில் துடைக்கிற வரியை எடுத்தேன். சிவப்புப் பொட்டியையும் எடுத்தேன். எண் வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு என்று எழுதினேன். மொத்தம் நான்கு வரி.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த வரியை மாற்றினாலும் அதன் தலைமேல் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். நான் கொண்டுவந்த வழக்கம்தான். அந்த நான்கு வரிக்கு மேலே கலையரசி என்று எழுதி, அவள் திண்டிவனம் போன தேதியைப் போட்டேன். பழைய புரோகிராமை வாங்கிக்கொள்ளும்போது யாராக இருந்தாலும் முந்தைய ஆள் எழுதியதைத்தான் வரி வரியாகக் கிளறுவார்கள். தன் பெயர் போட்ட இடத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? அவளும் பார்க்கவில்லை. என் பெயர் இருந்த இடங்களை ஒரு மாதம் உட்கார்ந்து சரி பார்த்தாளாம். அதைக் கேள்விப்பட்டபோது சிரித்துக்கொண்டேன்.

பென் டிரைவை வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சிக்க வேண்டியது வேற ஏதாச்சும் இருக்குதா சார்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லையம்மா, எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றேன். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஆசீர்வாதமும் செய்தேன்.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வயர் கழன்று இரண்டு மூன்று ரிப்போர்ட் மாறிப்போகும், யாராவது சண்டைக்கு வருவார்கள், பெஞ்சில் இருக்கிறவர்கள் முன்னால் டாக்டர் அவளையும் வெட்கமாக இல்லையா என்று கேட்பார், பிறகு எனக்குப் போன் வரும். இவ்வளவுதான் கணக்கு. தரை துடைக்கிற அம்மா வாளியை இழுக்கும்போது வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த வயர் கழலும் என்று எனக்குத் தெரியும். மெஷினில் இருக்கிற சின்னத் திரை மங்கி மூன்று வருடமாகிறது, எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் நம்புவார்கள் என்பதும் தெரியும். கார்த்திகையிலிருந்து ஆனி வரைக்கும் எத்தனை வாரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு எந்த ரிப்போர்ட் போனதோ, என்ன மருந்து தின்றார்களோ. யாரும் சண்டைக்கு வரவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் பிரிண்ட் போட்ட தாளை எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

குப்பம்மாள் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடவு வேலைக்குப் போகிற அம்மா, ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வெயிலில் நின்று மயக்கம் வந்து தூக்கிவந்தார்கள். உண்மையான அளவு நாற்பத்தொன்று என்று, மிச்ச ரத்தத்தை வேறு இடத்தில் பார்த்தவர்கள் சொன்னார்களாம். ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட்டில் நானூற்றுப் பதினெட்டு. அது அவருக்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஆளுடைய அளவு. டாக்டர் ஊரில் இல்லை. போனில் எண்ணைக் கேட்டுவிட்டு இன்சுலின் போடச் சொன்னார். நர்ஸ் போட்டாள்.

முந்தாநாள் பேப்பரில் படித்தேன். உங்களுக்கு உதவி செய்கிற நிபுணர் புரோகிராமைத் திறந்து பார்த்து, அனுபவம் இல்லாதவர் கவனக்குறைவாகச் செய்த பிழை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். எந்தக் கல்லூரியில் படித்தாரோ. கவனக்குறைவு என்றால் தெரியாமல் செய்வது. அந்த நான்கு வரியைப் பாருங்கள். எந்த வரியை எடுத்தால் எது பேசாது, எது தாளில் வரும், எத்தனை நாள் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. அதைப் போய் அவள் தலையில் கட்டுகிறார். அவளுக்கு ஏது மேடம் அந்த அளவுக்கு மூளை? கை வேகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அவளை விட்டுவிடுங்கள். அவள் அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். எனக்கு அந்தப் பெண்மேல் விரோதம் எதுவும் இல்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இதைப் பொன்னி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், பயந்த சுபாவம். குப்பம்மாளைத் தூக்கிவந்த அன்றைக்குக் காலை பதினொன்றரை மணிக்கு நான் விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. அவள் சொந்த நம்பர்.

"சார், நான் திண்டிவனம் லேப் பொன்னி பேசுறேன். கலையரசி அக்கா போன் எடுக்கல சார். இங்க முன்னாடி போன ஆளுக்கும் நானூத்திப் பதினெட்டு, இந்த அம்மாவுக்கும் அதேதான் காட்டிக்கினு இருக்குது. இந்தம்மாவுக்கு வேர்த்து ஊத்துது சார், கை காலு நடுங்குது. எனுக்கு என்னமோ மாதிரி இருக்குது. திரும்ப ரத்தம் எடுத்துப் பாக்கட்டுமா சார்?"

வயர் கழன்றிருக்கிறது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. வயரைச் சொருகிவிட்டு மறுபடி பாரம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"சில நேரம் ரெண்டு பேருக்கு ஒரே அளவு வரும்மா. மெஷினைச் சந்தேகப்படாத. பிரிண்ட் போட்டுக் குடு."

"தேங்க்ஸ் சார். உங்களக் கேட்டாத்தான் சார் தைரியமா இருக்குது" என்றாள். போனை வைத்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி சாதம் போடச் சொன்னேன். ரசம் அன்றைக்கு நன்றாக இருந்தது.

கோர்ட்டில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் மேடம். டாக்டரும் சொல்லட்டும், உங்கள் நிபுணரும் சொல்லட்டும். ஆபத்து என்று வந்தபோது அந்த லேப் நம்பிக் கூப்பிட்டது என்னைத்தான்.