ஞானசீலன் இசையை வெட்டியவர்களுக்கு

கொட்டும் பனியிலும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தலைமை தாங்கும் தனசிங் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கொழுந்து பறித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, மறைந்த ஞானசீலனின் துணைவியார் பிலோமி அம்மா அவர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். ஞானசீலனின் இசையை வெளியிட என்னை அழைத்த விழாக் குழுவினரை வணங்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை!

கைதட்ட வேண்டாம். அவர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள்.

யார் இந்த ஞானசீலன்? கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். ஞாயிறானால் கோயிலில் ஆர்மோனியம். மூன்றே சுரங்களில் முக்கால் மணி நேரம் இசை அமைத்த முன்னோடி! அதே சுரங்கள் அலையலையாய் வரும். மெல்ல மெல்ல ஒன்று நீளும், ஒன்று தேயும். மூடுபனி விலகுவதை நின்று பார்த்தவருக்கு அது விளங்கும். "பாட்டு எப்பங்க தொடங்கும்?" என்று கேட்டுச் சிரித்தது இந்த ஊர். சிரித்தவர்களுக்காக அவர் ஒரு சுரம்கூடக் கூட்டி வாசிக்கவில்லை. சொந்த ஸ்பூல் ரெக்கார்டரில் பதிந்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாடாக்களைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறோம் என்று குழுவினர் வாங்கிப் போனார்கள். இன்று மதியம் பிலோமி அம்மா போட்டுக் கேட்டார். முக்கால் மணி நேர இசை ஒவ்வொன்றும் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது! "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு வாசிச்சது இவ்வளவுதானுங்களா?" என்று என்னிடம் வந்து அழுதார்.

செயலாளர் வெற்றிச்செல்வனைக் கேட்டேன். "ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்துதுங்க. டேப்பு சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு, கம்ப்யூட்டர்ல அதையெல்லாம் வெட்டிட்டோமுங்க" என்கிறார்!

ஆகா, என்ன அறிவு! என்ன ஆற்றல்! என்ன ஆராய்ச்சி! தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்தை இசைக்கும் செய்தீர்களே! எனக்கு முன் பேசிய ஐவரும் ஒரே வரவேற்பைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒருவரையாவது வெட்டினீர்களா?

என்ன செயலாளரே, எழுந்து ஏதோ சொல்கிறீர்கள்?

"பழைய டேப்பெல்லாம் இருக்குதுங்க. இனி எதுக்குன்னு மூட்டை கட்டி மேடைக்கு அடியில போட்டிருக்கோமுங்க. காலையில குப்பை வண்டி வருமுங்க."

கேட்டீர்களா பெரியோர்களே? மாலை போட்ட படம் மேடைக்கு மேலே! அவர் வாசித்த இசை மேடைக்கு அடியிலே!

இந்தப் பென் டிரைவை நான் வெளியிட மாட்டேன். தலைவர் முறைத்தாலும் மாட்டேன். மைக்கைப் பிடுங்கினாலும் மாட்டேன்! மூட்டையை மேலே கொண்டு வாருங்கள். செயலாளரே, நீங்களே தூக்குங்கள். பிலோமி அம்மா, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவரைக் கூட்டி வருகிறேன். உங்கள் கண்முன்னே முழுதாக ஏற்றட்டும். அதுவரை ஒரு நாடாகூட உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

வாங்கிக்கொண்டு என்ன சொல்கிறார் பாருங்கள்: "என்னுங்க, இவ்வளவு கனமா இருக்குது?"

இருக்கும் அம்மா. உங்கள் கணவர் இவ்வளவும் வாசித்திருக்கிறார்.

குளிரில் அமர்ந்து கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.