மூலையில் வைத்த ஊஃபர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே என்ன சத்தம் இருக்கிறது என்று யோசிப்பதில்லை. நான் யோசித்தேன்.

எங்கள் வீடு உசிலம்பட்டியில். அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது நான் பத்தாம் வகுப்பு. அம்மா இல்லை. அண்ணன் அசோக்குமாருக்குத் திருப்பூரில் வேலை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஏதாவது வேண்டுமென்றால் அப்பா இடது கையால் கட்டில் பலகையைக் குத்துவார். தண்ணீருக்குக் குத்துவார். ஃபேனைக் கூட்டக் குத்துவார், குறைக்கக் குத்துவார். குளிக்கிறபோது குத்துவார். ஈரத்தோடு ஓடிப் போய் நின்றால், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நான் இருக்கிறேனா என்று தெரிந்தால் போதும் அவருக்கு.

இந்தத் தீபாவளிக்கு வந்த அண்ணன், "ஒனக்குன்னு ஒண்ணு கேளு புள்ள, வாங்கித் தாரேன்" என்றான். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் என்றேன்.

மதுரையில், டவுன் ஹால் ரோட்டுக் கடையில், மலையாண்டி என்பவர் முதலில் இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் போட்டுக் காட்டினார். பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் கடைப் பலகையை மெதுவாகக் குத்தினேன். அதுவும் தனியாகக் கேட்டது.

"தங்கச்சி, பாட்டக் கேக்கச் சொன்னா பலகைய எதுக்குக் குத்துற?" என்றார் மலையாண்டி.

"சந்தையில மாட்டத் தட்டிப் பாக்குறாப்புல பாக்குதுண்ணே" என்றான் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு சப் ஊஃபர் என்ற பெரிய பெட்டியையும் சேர்த்துப் போட்டார். தொம் தொம் என்று தரை அதிர்ந்தது. நான் ஓங்கிக் குத்தினேன். என் கை வலித்தது, சத்தம் கேட்கவில்லை. இதுதான் வேண்டும் என்றேன்.

"சுவரு மூலையில வையி. இன்னும் அம்புட்டுச் சத்தமா எறங்கும்" என்றார். அப்பாவின் அறைச் சுவரை ஒட்டிய மூலையில் வைத்தேன்.

போன வாரம், மத்தியானம் கஞ்சி ஊட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. கஞ்சி புரையேறி மூச்சு அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

அண்ணன் அந்தப் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்தான். "நாந்தான் கொன்னுட்டேன். இந்த எழவெடுத்த சத்தத்துல இவளுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இன்னும் அழுகிறான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் தப்பில்லை. அந்த நேரம் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. முதல் குத்தே எனக்குக் கேட்டது. பிறகு வேகமாகக் கேட்டது. பிறகு விரல்கள் பலகையைப் பிறாண்டுவது கேட்டது. அது நிற்கும்வரை நான் ஊஃபருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் மட்டும் இருந்திருந்தால் எனக்குக் கேட்டே இருக்காது.