ஒரு ஸ்டார் மாப்பிள்ளை

தெரணியகலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

"அம்மா, மாப்பிள்ளையப் பத்திக் கூகுள்ல எழுதியிருக்காங்க" என்றாள் மகள். அதற்குப் பிறகு என் காது சும்மா இருக்குமா?

மாப்பிள்ளை குருவிட்டயில் பழைய வாகனம் விற்கும் கார் சேலில் வேலையாம். பெண் பார்க்க வரச் சொல்லலாமா என்று இன்றைக்கே பதில் சொல்ல வேண்டுமாம். அந்தப் பக்கம் விசாரிக்க இவர்களுக்கு ஆளில்லை. கடைக்கு வந்து போனவர்கள் சிங்களத்தில் எழுதியிருந்ததை மகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"'அங்க இருக்கிற தமிழ்த் தம்பி பொறுமையாப் பேசுவாரு'ன்னு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்கம்மா. அங்க தமிழாளு அவரு மட்டுந்தான்."

"விக்கிறவன் பொறுமையாத்தான் பேசுவான். கொறை சொன்னவங்க யாருமில்லியா?"

"ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டிருக்காரு."

"அதப் படி, அதப் படி."

"'வேன் வாங்க ஆசையாப் போனோம். இது அடிபட்டுப் பெயின்ட் அடிச்ச வண்டி, உங்களுக்கு வேணாம்னு அந்தத் தமிழ்த் தம்பியே சொல்லிட்டாரு. எங்களுக்கு ஒரு நாள் வீணாப் போச்சு.'"

தாய் மகள் பக்கம் திரும்பினார்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலையே போயிருமேடி. பொழைக்கத் தெரியாத புள்ளையால்ல இருக்கு!"

"எனக்குப் பொழைக்கத் தெரியும்மா" என்றாள் மகள்.

தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, ஒங்கப்பாவுக்குப் போன் போடு. வரச் சொல்லிருவோம்."